கம்பெனிக் கச்சேரி

சிப்காட் கேட்டில் தொடங்கி, பிரியாணிக் கவுன்டர் மூடிய பிறகு முடிகிற மேடைக் கலைஞர்களின் ஒரு நாள்

“தவில் ஒண்ணு, நாதஸ்வரம் ஒண்ணு, சுருதிப்பெட்டி ஒண்ணு, தாளம் ஒரு ஜோடி. வெளிய போறப்பவும் இதே கணக்கு இருக்கணும், பார்த்துக்குங்க.”

காலை ஏழே கால் மணி. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் வளாகத்து ரசாயன ஆலை ஒன்றின் வாசல். வெல்டிங் மெஷினும் காலி சிலிண்டரும் பதிவாகும் அதே நோட்டில், அதே ‘பொருள்’ கட்டத்தில், செக்யூரிட்டி தவிலை எழுதிக்கொண்டிருக்கிறார். தவில்காரரின் பையிலிருந்து தொப்பி தொப்பியாக ஏதோ வெளியே வருகிறது.

“இது என்னது?”

“விரல்ல மாட்டுற கூடுங்க. துணியும் பசையும்தான்.”

செக்யூரிட்டி ஒன்றை எடுத்துத் தன் விரலிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். தீப்பெட்டி மட்டும் உள்ளே போகாது. செல்போனும் போகாது. ரசாயன ஆலை, விதி விதிதான். பிறகு பாதுகாப்பு வீடியோ: சைரன் அடித்தால் எங்கே கூட வேண்டும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று எப்படிப் பார்க்க வேண்டும். வீடியோ முடிந்ததும் ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட். பட்டு வேட்டி, ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி, அதற்கு மேலே ஹெல்மெட். சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் சாமி முன்னால் வாசித்துப் பழகிய செட்டு, ஆயுத பூஜைக்காக ஆலைக்குள் நடக்கிறது.

அன்று மாலையே அதே கம்பெனியின் குடும்ப விழா, கடலூரில் ஒரு மண்டபத்தில். அங்கே மெல்லிசை. காலையில் ஆலைக்குள் வந்தவர்களும் மாலையில் மேடை ஏறப்போகிறவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் இரண்டு தரப்பின் பில்லும் ஒரே அக்கவுண்ட்ஸ் மேஜைக்குத்தான் போகும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் நாதஸ்வரக்காரரும் கீபோர்டுக்காரரும் குறிப்பிட்ட இருவர் அல்லர். அந்த ஆலையும் குறிப்பிட்ட ஆலை அல்ல. இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் வாய்க்கக்கூடிய ஒரு நாளை இரண்டு ஆட்கள்மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். பெயரோடு வருபவர்களும் வருடத்தோடு வருபவையும் உண்மை.

பாட்டுக்கு ஓர் ஊர், சம்பளத்துக்கு ஓர் ஊர்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. தெற்கு முனையில் நடராஜர் கோயில். ஊரை ஒட்டி 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதன் இசைக் கல்லூரியும். வடக்கு முனையில் சிப்காட் ஆலைகள். மேற்கே திரும்பினால் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை, இன்னும் உள்ளே போனால் 1956-இல் பிறந்த நெய்வேலி நிலக்கரி நிறுவனம். கற்றுக்கொள்வது ஒரு பக்கம், காசு வருவது இன்னொரு பக்கம் என்று மாவட்டமே பிரிந்து கிடக்கிறது.

முதலாளி காசில் பாட்டு வளர்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. இசைக் கல்லூரியை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் வங்கித் தொழில் செய்தவர். தமிழில் பாடு என்று மேடைகளிடம் கேட்ட தமிழிசை மாநாடு 1941-இல் அண்ணாமலை நகரில் நடந்தது அவருடைய ஆதரவில்தான். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது அதன் தொடர்ச்சி. 1942-இல் ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்துப் பாடிய எம்.எம். தண்டபாணி தேசிகர் பிற்பாடு இதே பல்கலைக்கழகத்தில் இசைத்துறைக்குத் தலைமை தாங்கினார். சினிமாவில் கணீரென்று ஒலித்த சிதம்பரம் எஸ். ஜெயராமன் இந்த ஊர்க்காரர்.

அன்றைக்குச் செட்டியார் கொடுத்த காசில் ஒரு நிபந்தனை இருந்தது: தமிழில் பாட வேண்டும். இன்றைய கம்பெனி கொடுக்கும் காசிலும் ஒரு நிபந்தனை உண்டு: பேசுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் பாட வேண்டும். முதல் நிபந்தனையிலாவது கேட்கிற ஆசை தெரிந்தது.

மல்லாரி கேட்ட மேனேஜர்

ஆலைக்குள் பூஜை எட்டரைக்கு என்றார்கள். தலைமை அதிகாரி புதுச்சேரியிலிருந்து கிளம்பிவிட்டாராம். எட்டு மணிக்கு வாசிப்பு தொடங்குகிறது. காலை வேளை என்பதால் நாதஸ்வரக்காரர் பிலகரியை எடுக்கிறார். கேட்பதற்கு ஆள் என்று பார்த்தால், மாவிலை கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள். அதில் ஒருவர் ஏணியின் நடுவிலேயே நின்றுவிட்டார். கைகளில் தோரணம், காது இந்தப் பக்கம். இப்படி ஒருவர் கிடைத்தால் அந்தக் காலைக்கு அது போதும்.

ஒன்பது ஆகிறது. ஒன்பதேகால் ஆகிறது. அதிகாரி இப்போது ரெட்டிச்சாவடி தாண்டிவிட்டார் என்று தகவல். நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் விழா களையிழந்துவிடும் என்று எச்ஆர் பிரிவின் இளைஞர் கவலைப்படுகிறார். வாயில் வைத்து ஊதும் சீவாளி ஈரம் குறைந்து முரண்டு பிடிக்க, வேறொன்றை மாற்றிக்கொள்கிறார் வித்வான். அப்போதுதான் நிர்வாகப் பிரிவு மேனேஜர் ஆசையாக வருகிறார்.

“அண்ணே, சார் கார்ல வந்து இறங்குறப்ப அந்த மல்லாரி வாசிச்சிடுங்க. செம கெத்தா இருக்கும்.”

கம்பீர நாட்டையில் மல்லாரி எழும்பினால் கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் அது சாமி புறப்பாட்டுக்கு உரியது. ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழி ஆருத்ரா தரிசனத்திலும் தேருக்கு முன்னால் வாசித்த அதை, இன்னோவாவிலிருந்து இறங்குகிறவருக்கு வாசிப்பதா? “மாட்டேன்” என்று சொன்னால் அடுத்த வருஷம் வேறு செட்டைக் கூப்பிடுவார்கள். “சரிங்க சார்” என்றபடி வித்வான் நாட்டையில் ஒரு கீர்த்தனையைத் துரிதமாக எடுக்கிறார். தவில்காரர் கண்ணாலேயே சிரிக்கிறார். மேனேஜருக்கு மகா திருப்தி. சம்பிரதாயமும் போகவில்லை, அடுத்த வருஷத்து அழைப்பும் போகவில்லை. இப்படியொரு சாமர்த்தியத்தை எந்த இசைக் கல்லூரியும் பாடமாக வைப்பதில்லை.

பூஜையில் கற்பூரம் காட்டும் நேரத்தில் கெட்டிமேளத்துக்குக் கை காட்டுவது யார் என்பதில் ஒரு குழப்பம். கல்யாணத்தில் அய்யர் காட்டுவார். இங்கே குருக்கள் ஒரு பக்கம், ஒயர்லெஸ் மைக்கோடு தொகுப்பாளர் ஒரு பக்கம், கையைத் தூக்கித் தூக்கி போட்டோகிராபரைக் கூப்பிடும் எச்ஆர் இளைஞர் ஒரு பக்கம். அந்த இளைஞரின் கை உயர்ந்ததைப் பார்த்துத் தவில் ஒருமுறை முழங்கிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

பெட்டிச் செய்தி: வீதிக்குச் செய்த வாத்தியம்

நாதஸ்வரம் திறந்தவெளிக்கென்று உருவான கருவி. தஞ்சை மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய திமிரி நாதஸ்வரம் உயர்ந்த சுருதி கொண்டது. நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரத்தைப் பிரபலமாக்கியவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

தவிலின் உடல் பலாமரம். ஒரு பக்கத்தை விரல் கூடுகளாலும், மறுபக்கத்தைப் பூவரசங்கழியாலும் வாசிக்கிறார்கள். தகரக் கூரை போட்ட ஆலைக் கூடத்தில், நாதஸ்வரத்தின் வாயிலேயே மைக்கைக் கொண்டுபோய்ச் செருகுவது தேவையற்ற வேலை. ஆனாலும் செருகுவார்கள்.

மாலை: ஸ்கேல் லிஸ்டும் ஸ்பீக்கர் பெட்டியும்

திருப்பாதிரிப்புலியூரில் கீபோர்டுக்காரரின் நாள் முந்தைய இரவே தொடங்கிவிட்டது. பாட்டுப் பட்டியல் மூன்று முறை மாறியிருக்கிறது. முதலில் ‘பழைய பாட்டு வேண்டாம்’. பிறகு ‘எம்டிக்கு எம்ஜிஆர் பாட்டு பிடிக்கும், நாலு சேர்த்துக்குங்க’. கடைசியாக ஒரு வாய்ஸ் மெசேஜ்: ‘சோகப் பாட்டு எதுவும் வேண்டாம் சார், ஃபேமிலி வராங்க’. பாடகிக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை, பாடகருக்கு ஒன்றரை. எந்தப் பாட்டு யாருக்கு எந்தக் கட்டை என்று பட்டியல் போட்டுக் குழுவுக்கு அனுப்பியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது.

மூன்று மணிக்கு சவுண்ட் செக். மண்டபத்தில் மேடை அலங்காரக்காரர்கள் இன்னும் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்ஈடி திரைக்காரர்கள் மேடையின் நடுவைப் பிடித்துவிட்டார்கள், வாத்தியங்களுக்கு ஓரம். ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று ஒரு ஹம். எர்த் சரியில்லை. ஜெனரேட்டர் ஒயரை மாற்றி, பிளக்கைத் திருப்பிப் போட்டு, கீபோர்டை வேறு போர்டுக்கு நகர்த்தி அது அடங்கும்போது நாலரை. ஒரு பாட்டு முழுதாக வாசித்துப் பார்க்கலாம் என்று கையை வைத்ததும், எம்டியின் பவர்பாயிண்ட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும், மியூசிக்கை நிறுத்துங்கள் என்று உத்தரவு. அவ்வளவுதான் ஒத்திகை.

ஆறரைக்கு நிகழ்ச்சி என்று அச்சிட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏழே முக்காலுக்கு. அதன் பிறகுதான் மெல்லிசைக் குழுவின் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. அது பாட்டு அல்ல.

“பரிசு வாங்க ஒவ்வொருத்தரா வருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிஜிஎம் போட்டுடுங்க சார்.”

இருபத்தைந்து வருட சேவைக்கு வெள்ளிக் காசு. லீவே போடாதவருக்கு ஒரு கேடயம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள். கயிறிழுத்தல், கோலம், ஸ்லோ சைக்கிள். நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறவரின் நடையைப் பார்த்தே எட்டு நொடி வாசிக்க வேண்டுமா, இருபது நொடி வாசிக்க வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். முழங்கால் வலியோடு படி ஏறும் பழைய ஆபரேட்டருக்கு இசை நடுவில் தீர்ந்துபோகக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளை ஓடிவந்து ஓடிவிட்டால், நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. இதில் ஒரு கலை இருக்கிறது என்று யாரும் எழுதியதில்லை. இருக்கிறது. அந்த மாலையில் கீபோர்டுக்காரர் வாசித்தவற்றுள் மிகக் கவனமான வாசிப்பு இதுதான்.

மேலதிகாரி பாடினால்

எல்லாக் கம்பெனி விழாவிலும் ஒரு கட்டம் வரும். தொகுப்பாளர் குரலை இழுத்து, “நம்ம ஜிஎம் சார்கிட்ட ஒரு மறைஞ்ச திறமை இருக்கு...” என்பார். கூட்டம் விசில் அடிக்கும். சார் வேண்டாம் வேண்டாம் என்றபடியே மேடைக்கு வந்துவிடுவார். பாட்டு வரிகள் ஏற்கெனவே அவருடைய போனில் இருக்கும்.

“எந்தக் கட்டை சார்?”

“அதெல்லாம் தெரியாது. ஒரிஜினல் மாதிரியே போடுங்க.”

ஒரிஜினல் சுருதியில் முன்னிசை போகிறது. சார் எடுக்கும் இடம் அதுவுமல்ல, அதற்குக் கீழேயுமல்ல. ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் எங்கேயோ. கீபோர்டுக்காரரின் இடது கை டிரான்ஸ்போஸ் பொத்தானுக்குப் போகிறது. அரைக் கட்டை இறக்குகிறார். பல்லவியில் சேர்ந்தாயிற்று. சரணத்தில் சார் மேலே ஏறுகிறார், பொத்தானும் ஏறுகிறது. பேஸ் கிடார்க்காரர் வாசிப்பதையே நிறுத்திவிட்டு விரலைக் கம்பிமேல் சும்மா வைத்திருக்கிறார். ரிதம் பேட் மட்டும் எது நடந்தாலும் அசையாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் அரங்கம் அதிர்கிறது. அன்றைய நிகழ்ச்சியின் மிகப் பெரிய கைத்தட்டல் இதற்குத்தான். கீழே இறங்கும்போது சார் சொல்கிறார்: “மியூசிக் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்துச்சு, பரவாயில்ல.”

பக்கவாத்தியக்காரரின் இந்தச் சங்கடம் இந்த மாவட்டத்துக்குப் பழசு. திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் எருக்கத்தம்புலியூர். விருத்தாசலம் பக்கத்தில் இன்றைக்கு ராஜேந்திரப்பட்டினம் என்கிறார்கள். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமல் போக, யாழ்ப்பாணர் யாழை உடைக்கவே ஓங்கிவிட்டார் என்பது பெரியபுராணக் கதை. சம்பந்தர் தடுத்தார். நம் கீபோர்டுக்காரர் ஓங்கமாட்டார். கீபோர்டு இன்னும் தவணையில் இருக்கிறது.

எட்டே முக்காலுக்குச் சாப்பாடு திறந்தாயிற்று. நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகின்றன. பாடகி இரவு முழுதும் காத்திருந்து பாட நினைத்த பாட்டை இப்போதுதான் எடுக்கிறார்; முன்வரிசையில் தூங்கிப்போன ஒரு குழந்தையும் அதன் பாட்டியும். பின்னால் தட்டுகளின் சத்தம். “சவுண்ட் கொஞ்சம் கம்மி பண்ணுங்க, பேச முடியல” என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்.

இரவு பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மூடிய மண்டபத்துக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், ஜன்னல் திறந்திருக்கும் மண்டபத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? விவாதிக்க யாருக்கும் தெம்பில்லை. பத்துக்கு நிறுத்திவிடுகிறார்கள். ஒயர் சுற்றி, பெட்டி அடைத்து, வேனில் ஏற்றி முடிக்கப் பதினொன்றரை. பிரியாணி தீர்ந்துபோய், குஸ்கா இருக்கிறது.

மூன்று மணி நேரக் கச்சேரி என்று பேசி, மூன்று மணி நேரத்துக்குக் காசு. ஆள் போனது பகல் ஒன்றிலிருந்து நள்ளிரவு வரை. காலைச் செட்டுக்கும் இதே கதை: இரண்டு மணி நேர மங்கள இசைக்கு விடியற்காலை பஸ், கேட், வீடியோ, காத்திருப்பு, வெயிலில் திரும்புதல். கம்பெனிக் கச்சேரியில் எல்லாப் பிரச்சினையும் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் கிளைக்கிறது. வாங்குகிறவர் பாட்டை மணியால் அளக்கிறார். காத்திருப்பு அவர் தராசில் ஏறுவதே இல்லை.

பதினைந்து பேர் நாலு பேர் ஆன விதம்

மெல்லிசை மேடை ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்தது. பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போன பாவலர் பிரதர்ஸ் குழுவிலிருந்துதான் இளையராஜா வந்தார். எஸ்.பி. பாலசுப்ரமணியம் சினிமாவுக்கு வந்த காலத்தில் நடத்திய மேடைக் குழுவில் வாசித்தவர்கள் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன். வயலின், அக்கார்டியன், தபேலா, பாங்கோஸ், புல்லாங்குழல் என்று மேடை நிறைய ஆள் இருந்ததால்தான், கூச்சமாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஒரு பையனுக்கு இடம் இருந்தது.

இன்றைக்குக் கீபோர்டின் ஸ்டைல் பொத்தானில் பாதி வாத்தியம் இருக்கிறது. மீதியை மைனஸ் ஒன் டிராக் பார்த்துக்கொள்கிறது. வயலினும் குழலும் டிராக்கிலேயே வரும்போது, வயலின்காரருக்கும் குழல்காரருக்கும் எதற்கு வேன் வாடகை? டிராக்கைத் திட்டுவது சுலபம். ஆனால் பட்ஜெட் போடும்போது எல்ஈடி திரையும் மேடையும் சாப்பாடும் முதலில் எழுதப்பட்டு, மிச்சத்தில் இசை எழுதப்படுகிறது. டிராக் இல்லையென்றால் அந்த மிச்சத்தில் எந்தக் குழுவும் வராது. ஆளைக் குறைத்தது மெஷின் என்பதைவிட அந்த வரிசை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சினிமா ஒலிப்பதிவில் வாசிப்பவர்களுக்குக் கால்ஷீட் கணக்கு உண்டு. வாசித்தாலும் காத்திருந்தாலும் கால்ஷீட் கால்ஷீட்தான். அதற்குப் பின்னால் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் முன்நின்று உருவாக்கிய திரை இசைக் கலைஞர் சங்கம் இருக்கிறது. பிரிட்டனில் 1893-இலிருந்து இயங்கும் இசைக் கலைஞர் சங்கம் மேடை வாசிப்புக்குக் குறைந்தபட்சக் கட்டணத்தை அச்சிட்டே வைத்திருக்கிறது. கடலூரில் அப்படி ஒரு காகிதம் இல்லை. பக்கத்து ஊர்க் குழு என்ன விலை சொன்னது என்பதுதான் காகிதம்.

பெட்டிச் செய்தி: அந்தப் பாட்டைப் பாட யாரிடம் கேட்க வேண்டும்?

2017 மார்ச்சில் எஸ்.பி.பி. அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. இருவரும் பின்னர் சமாதானமாகி 2019-இல் ஒரே மேடையில் தோன்றினார்கள். ஆனால் அந்த நோட்டீஸ் எழுப்பிய கேள்வி எல்லா மெல்லிசை மேடைக்கும் வந்துவிட்டது.

கல்யாணத்திலும், அதைச் சார்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டுக்குப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. உண்மையான சமயச் சடங்குக்கும் அரசு விழாவுக்கும் விலக்கு உண்டு. கம்பெனியின் குடும்ப விழா இந்தப் பட்டியலில் இல்லை. பாட்டின் மெட்டுக்கும் வரிக்கும் உரிமம் தரும் அமைப்புகளில் முக்கியமானது 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ். பதிவுசெய்த இசையை ஒலிக்கவிடுவதற்கு உரிமம் தனி. அதை வாங்க வேண்டியவர் பொதுவாக விழா நடத்துகிறவர். குழுத் தலைவரிடம் ‘எந்த உரிமைப் பிரச்சினை வந்தாலும் நாங்களே பொறுப்பு’ என்று எழுதிய தாளை நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

காலையில் வரி இல்லை, மாலையில் உண்டு

ஜிஎஸ்டியில் ஒரு விநோதம். சாஸ்திரிய இசைக்கும் நாட்டுப்புறக் கலைக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கலைஞரின் கட்டணத்துக்கு வரிவிலக்கு இருக்கிறது. ஆலைக்குள் பிலகரி வாசித்தவருக்கு அது பொருந்தும். மண்டபத்தில் சினிமாப் பாட்டு வாசித்தவருக்குப் பொருந்தாது. அவருடைய ஆண்டு வரவு இருபது லட்சத்துக்குள் இருப்பதால் பதிவே தேவைப்படாது. ஆனால் நடுவில் ஈவென்ட் மேனேஜ்மென்ட் கம்பெனி வந்துவிட்டால் அது பதினெட்டு சதவீதம் போடும். கம்பெனி மொத்தத் தொகையைப் பார்த்து, “மியூசிக்குக்கு இவ்வளவா?” என்று கேட்கும்.

கலைஞனின் கையைக் கடிப்பது ஜிஎஸ்டி அல்ல, டிடிஎஸ். ஒரு பேச்சுக்குக் குழுவுக்கு அறுபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். தொழில்முறைக் கட்டணம் என்று கம்பெனி பத்து சதவீதம் பிடித்தால் ஆறாயிரம் போயிற்று. பான் எண் கொடுக்கவில்லையா, இருபது சதவீதம், பன்னிரண்டாயிரம். இந்தப் பணம் தொலைந்துபோவதில்லை. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிடலாம். தாக்கல் செய்யாதவருக்கு அது தொலைந்த பணம்தான். கடலூரிலும் சீர்காழியிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. நாதஸ்வரமும் தவிலும் மூன்று வருடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். பில் எழுதுவது எப்படி, பிடித்த வரியைத் திரும்ப வாங்குவது எப்படி என்று அந்த மூன்று வருடத்தில் ஒரு மத்தியானம் ஒதுக்கினால், பாடத்திட்டம் ஒன்றும் கெட்டுவிடாது.

முகூர்த்தம் இல்லாத மாதங்கள்

இவ்வளவு சொன்ன பிறகும், கம்பெனி மேடையை வேண்டாம் என்று சொல்லும் கலைஞரைக் காண்பது அரிது. காரணம் காலண்டர். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. ஆடிக்கு மாரியம்மன் கோயில்கள் கைகொடுக்கும். ஆயுத பூஜை, டிசம்பர் கடைசியின் குடும்ப விழாக்கள், பொங்கல், மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம் என்று முகூர்த்த நாள்களுக்கு இடையில் விழும் ஓட்டையை அடைப்பது கம்பெனிகள். கோயிலில் ஆருத்ராவுக்கு விடிய விடிய வாசிக்க ஒரு வித்வானால் முடிகிறதென்றால், மற்ற நாள்களில் ஆலையும் மண்டபமும் அடுப்பெரிய வைத்திருப்பதும் ஒரு காரணம். இந்தக் கணக்கைக் கோயிலும் பேசுவதில்லை, கம்பெனியும் பேசுவதில்லை.

ஆனால் இந்த மாவட்டத்தில் காலண்டரையும் நம்ப முடியாது. ஆயுத பூஜை முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அதிகாலை, புத்தாண்டுக் கொண்டாட்டங்களுக்கு ஒரு நாள் முன்னால், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மேடை நிகழ்ச்சி இருக்கட்டும், ஊரில் மின்கம்பமே நிற்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியோடு பலா மரங்களும் சாய்ந்தன. தஞ்சாவூரில் வீணையும் மிருதங்கமும் செய்யப் பண்ருட்டிப் பலாவைத்தான் தேடிப் போவார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. எல்லா மேடையும் ஒரே நாளில் இறங்கியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் பின்னால் தென்பெண்ணை வெள்ளம்.

விழா ரத்தானால் பந்தல்காரருக்குப் பந்தல் போட்ட கூலி உண்டு. சமையல்காரர் மளிகைக் கணக்கைக் காட்டுவார். பாட்டுக்காரரிடம் காட்ட என்ன இருக்கிறது? வேறு அழைப்பை விட்டுவிட்டு அந்தத் தேதியைப் பூட்டி வைத்ததற்கு ரசீது கிடையாது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள், கொடுத்துவிடுவார். அடுத்த வருஷம் இருக்கிறதே.

நாற்பத்தைந்து நாள்

விழா முடிந்து பத்து நாளாயிற்று. கீபோர்டுக்காரரின் பில் அக்கவுண்ட்ஸில் இருக்கிறது. ‘ப்ராசஸ்ல இருக்கு சார்’ என்கிறார்கள். பாடகிக்கும் ரிதம் பேட்காரருக்கும் அவர் அன்றிரவே தன் கையிலிருந்து கொடுத்துவிட்டார். கொடுக்காவிட்டால் அடுத்த கச்சேரிக்கு அவர்கள் வரமாட்டார்கள்.

இதற்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. மெல்லிசைக் குழுவும் ஒரு குறுந்தொழில்தான். உத்யம் தளத்தில் ஆதாரை வைத்துப் பதிவு செய்ய ஒரு பைசா செலவில்லை. பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் சட்டம். தவறினால் வட்டி. அதோடு, காலத்தில் கொடுக்காமல் ஆண்டு முடியும்வரை பாக்கி வைத்த தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளவும் கம்பெனியால் முடியாது. 2024-இலிருந்து அக்கவுண்ட்ஸ் பிரிவுகள் இதற்குத்தான் பயப்படுகின்றன. பில்லின் தலையில் உத்யம் எண்ணை எழுதிவிட்டால், அதே பில் சீக்கிரம் நகர வாய்ப்பு உண்டு. ஸ்க்ரூ சப்ளை செய்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. சுருதி சேர்க்கிறவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

மார்ச் 4 பாதுகாப்பு தினத்துக்கு வேறொரு ஆலையிலிருந்து விசாரணை வந்திருக்கிறது. இரண்டு மணி நேரம். நடுவில் ஹெல்மெட் போடுவது பற்றி ஒரு பாட்டு புதிதாக வேண்டுமாம். கீபோர்டுக்காரர் இந்த முறை தொகையை மட்டும் எழுதி அனுப்பவில்லை. சவுண்ட் செக் மூன்றிலிருந்து நாலு, அந்த ஒரு மணி நேரம் மேடை எங்களுக்கு. ஏழுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிவு, அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் தனிக் கட்டணம். ஆறு பேருக்குச் சாப்பாடு எட்டு மணிக்கே எடுத்து வைக்க வேண்டும். பாட்டு உரிமம் உங்கள் பொறுப்பு. பாதித் தொகை முன்பணம். விழா ரத்தானால் திருப்பித் தரப்படாது. மீதி 45 நாளுக்குள்.

அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது.

“எல்லாம் ஓகே சார். ஆறு பேர் எதுக்கு, நாலு பேர் போதுமே?”